கல்லிலும் களரியிலும் ஒரு தவம்

சென்னை மாநகரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பயணிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடலை ஒட்டிச் சென்று மாமல்லபுரத்தை அடைவது. மற்றொன்று இருப்புப்பாதையையும் நெடுஞ்சாலையையும் பற்றிக்கொண்டு செங்கற்பட்டை அடைவது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏரிகளும் வயல்களும் பனைமரங்களும் பாறைக் குன்றுகளுமாக ஒரு நாட்டுப்புறம் பரந்து கிடக்கின்றது. கடற்கரையைக் காண வருவோர் அதனுள் நுழைவதில்லை. இரயிலில் செல்வோர் அதைச் சன்னல் வழியே பார்ப்பதோடு சரி. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் அந்நாட்டுப்புறத்தின் இரவுகள் உறங்குவதில்லை என்பதை வாசகர்களுள் எத்தனை பேர் அறிவர்?

வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர்கள், இலண்டன் மாநகரில் இசைநாடகம் பார்த்த கதையை வாயூறச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1985ஆம் ஆண்டு அங்கே முதன்முதல் மேடையேறி நெடுங்காலமாக நடந்துவரும் ‘லே மிசெராப்ல்’ போன்ற நாடகங்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே சீட்டு வாங்கவேண்டுமாம், மெத்தை இருக்கையாம், மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாமாம். மகிழ்ச்சி! ஆனால் சீட்டும் இல்லாமல், இருக்கையும் இல்லாமல், இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் கதிரவன் எழும்வரை நடைபெறும் ஓர் இசைநாடகம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. கட்டைக்கூத்து என்றும் தெருக்கூத்து என்றும் வழங்கும் அந்நாடகத்தை ஒரு வைகாசி இரவில் முழுமையாகக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அதைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

கல்லில் கண்ட தவம்

அன்று பகல் நாம் மாமல்லபுரத்தில் இருந்தோம். 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனத்தால் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட இவ்வூரின் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் அறியாதார் இலர். நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அவை அல்ல. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறையின் முகத்தில் செதுக்கப்பட்ட பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதிதான்.

தேவரும் முனிவரும் வேடரும் விலங்குகளுமாக நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் பாறையின் நடுவிலுள்ள பிளவை நோக்கி விரைகின்றன. பிளவின் இடப்புறத்தில், விலா எலும்புகள் தெரிய, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, ஒற்றைக் காலில் நிற்கின்றான் ஒரு தவசி. அவன் அருகே வரமளிக்கும் கோலத்தில் சிவபெருமான். பாசுபதக் கணை வேண்டித் தவம் செய்த அர்ச்சுனனே இவன் என்பர் ஒரு சாரார். கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். பிளவில் செதுக்கப்பட்டுள்ள நாகர்களையும், மேலே நீர் தேக்கியதற்கான அடையாளங்களையும் இவர்கள் சான்று காட்டுவர். அறிஞரின் வழக்கு இன்னும் தீரவில்லை. ஊரார் மட்டும் ‘அர்ச்சுனன் தபசு’ என்று தீர்ப்பெழுதிப் பல காலம் ஆயிற்று.

சிற்பிக்கு நகைச்சுவையும் தெரிந்திருந்தது. பெரிய யானையின் பக்கத்தில் ஒரு பூனை, அந்தத் தவசியைப் போலவே முன்னங்கால்களை உயர்த்தி நின்று தவம் செய்கின்றது. எலிகள் அதை நம்பி அருகே விளையாடுகின்றன. போலித் தவத்தை இதைவிட அழகாக எள்ளி நகையாட முடியுமா? இந்த நகைப்பு பல்லவர் குடும்பத்துக்குப் புதியதன்று. மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் தந்தையாகிய முதலாம் மகேந்திரவர்மன், ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். ஒரு மண்டையோட்டுப் பாத்திரத்தை நாய் கவ்விச் செல்ல, அதற்காகக் குடிபோதையிலுள்ள காபாலிகனும் பௌத்தத் துறவியும் காஞ்சி நகர வீதியில் சண்டையிடும் கதை அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசன் ஒருவன் நாடகம் எழுதிய மண் இது என்பதை நினைவில் கொள்வோமாக.

உள்நாட்டுப் பயணம்

பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினோம். மலைக்கோயிலைக் கடந்து, காய்ந்த வயல்களையும் நீர் வற்றிய ஏரிகளையும் தாண்டிச் செங்கற்பட்டை நெருங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொளவாய் ஏரி மட்டும் கோடையிலும் மின்னியது. 2002ஆம் ஆண்டு மறைமாவட்டத்தின் தலைநகராகவும், 2019ஆம் ஆண்டு வருவாய் மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்த இவ்வூரில், நம் நண்பரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நமக்காகக் காத்திருந்தார். பாலாற்றுப் பக்கத்திலுள்ள தம் சிற்றூருக்கு நம்மை அழைத்துச் சென்றார்.

“சாமி, கல்லில் இருக்கிற அர்ச்சுனனைப் பகலில் பார்த்துவிட்டீர்கள். இராத்திரி எங்கள் ஊர் அர்ச்சுனனைப் பாருங்கள்” என்றார் அவர்.

அவ்வூரின் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருந்தது. வட தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இவ்விழா ஒரே முறையில்தான் அமைந்திருக்கும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடி விளக்குவார். இரவில் அதே கதையைக் கூத்தர் ஆடிக் காட்டுவர். வில் வளைப்பு, திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் எனக் கதை நாளுக்கு நாள் நகரும். இறுதி நாள் காலையில், மண்ணால் பெரிதாகச் செய்த துரியோதனன் உருவத்தின் முன் பதினெட்டாம் போர் முடிந்து படுகளம் நிகழும், மாலையில் தீமிதி.

அருட்பணியாளர் ஒருவர் பிற சமயத்தாரின் விழாவில் விடிய விடிய அமரலாமா என்று வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். பிற சமயங்களில் உண்மையாயும் தூய்மையாயும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்பது 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வகுத்த நெறி. நாம் வழிபடச் செல்லவில்லை. அயலார் வீட்டு விருந்தினராய் மரியாதையுடன் காணச் சென்றோம். அவர்களும் நம்மை அவ்வாறே ஏற்று, திண்ணையில் பாய் விரித்து, தேநீர் கொடுத்தனர்.

வேடம் கட்டும் கொட்டகை

கூத்தின் பாதியை அறியவேண்டுமானால் வேடம் கட்டும் இடத்தை முதலில் காணவேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகையில் ஒரே ஒரு மின்விளக்கின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தனர். பெண் வேடத்தையும் ஆடவரே கட்டுகின்றனர். சுவரோரம் மரத்தாலான அணிகலன்கள் கிடந்தன. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம் — எடை குறைந்த மரத்தைக் குடைந்து, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டிச் செய்தவை. இக்கட்டைகளை அணியும் வீரமிக்க வேடங்களே கூத்தின் உயிர். கட்டைக்கூத்து என்ற பெயரும் இவற்றால் வந்ததே.

கூத்துக் குழுவை ‘ஜமா’ என்றும், அதை நடத்திப் பாட்டும் ஆட்டமும் கற்பிக்கும் மூத்தவரை ‘வாத்தியார்’ என்றும் அழைக்கின்றனர். அன்றைய வாத்தியாருக்கு வயது அறுபத்தொன்று. மெலிந்த உடல், முழங்காலில் ஒரு துணிக்கட்டு. அவரே அன்று அர்ச்சுனன். தவமரம் ஏறும் வேடக்காரர் நோன்பிருக்கவேண்டும் என்பது வழக்கமாதலால், பகல் முழுவதும் அவர் உணவு கொள்ளவில்லை.

“இந்த வயதில் மரம் ஏறவேண்டுமா?” என்று கேட்டோம்.

“ஆறு வருஷமாக என் மகன்தான் ஏறினான், சாமி. இப்போது கம்பெனிக்குப் போகிறான். இந்த வாரம் அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். லீவு கேட்டான்; கிடைக்கவில்லை. ஜமாவில் மரம் ஏறத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். வெற்றிலை பாக்கு வாங்கியாயிற்று. ஏறாமல் இருக்க முடியுமா?”

மகன் கூத்தை விட்டதில் வருத்தமுண்டா என்று தயங்கியபடியே வினவினோம். அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே விடை சொன்னார். “2020லும் அடுத்த வருஷமும் நோய் வந்து திருவிழா எல்லாம் நின்றதே, அப்போது இந்தக் கட்டைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனேன். அவன் சம்பளம் வந்துதான் வீட்டில் அடுப்பெரிந்தது. நான் எப்படி அவனைக் குறை சொல்வது? ஆனால் எனக்குப் பிறகு மரம் ஏறுவது யார் என்று நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.”

கூத்துக்காரருக்கு ஆண்டில் சில மாதங்களே வருவாய். மற்ற மாதங்களில் கூலி வேலையே துணை. மறைமலைநகர், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் தொழிற்சாலைகள் எழுந்தபின் இளைஞருக்கு மாதச் சம்பளம் கிடைக்கின்றது. அது வரவேற்கத்தக்கதே. வறுமையில் வாடியேனும் கலையைக் காப்பாற்று என்று பிறர் பிள்ளைக்கு உபதேசிக்க நமக்கென்ன உரிமை?

விடிய விடிய

இரவு பத்து மணிக்குமேல் கூத்து தொடங்கிற்று. கோயிலின் முன்னுள்ள வெளியே களரி. மூன்று பக்கமும் மக்கள். பின்னால் ஒரு விசுப்பலகையில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம்; இவற்றினூடே முகவீணை என்னும் சிறு குழலின் கூரிய ஓசை. ஊர்க்கோடியில் இருப்பவனையும் எழுப்பிக் கூட்டிவரும் ஓசை அது.

முதலில் கட்டியங்காரன் வந்தான். அவன் கோமாளி, அரசனுக்குச் சேவகன், கதைக்கும் ஊருக்கும் இடையே பாலம். தேவலோகச் செய்தியைச் சொல்லிக்கொண்டே, நூறு நாள் வேலைக்கூலி வந்ததா என்று முன்வரிசைப் பாட்டியைக் கேட்கின்றான். கூட்டம் குலுங்கிச் சிரிக்கின்றது. மாமல்லபுரத்துப் பூனையை வடித்த சிற்பி உயிரோடிருந்தால் இவனைத் தோளோடு அணைத்திருப்பான்.

பின்னர் இருவர் ஒரு திரையைப் பிடித்து நின்றனர். திரைக்குப் பின்னே சலங்கை ஒலித்தது, விருத்தம் எழுந்தது, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. நெடுநேரம் ஆவலைப் பெருக்கியபின் திரை விலக, புஜக்கட்டைகள் விளக்கொளியில் சுடர, துரியோதனன் சுழன்று சுழன்று களரியை வலம் வந்தான். உச்சக் குரலில் ஓரடி பாடுவான். பின்பாட்டுக்காரர் அதை ஏந்திக்கொள்வர். அந்த இடைவெளியில் அவன் ஆடுவான். ஒரே மனிதன் பாடவும் ஆடவும் வசனம் பேசவும் வேண்டும். அதுவும் இரவு முழுவதும். மேலைநாட்டு இசைநாடகக் கலைஞரிடம் வேண்டப்படும் மூன்று திறமைகளும் இவையே. அங்கே அதற்குக் கல்லூரிகள் உண்டு. இங்கே தந்தையின் தோளே கல்லூரி.

இரண்டு மணிக்குக் குழந்தைகள் தாயார் மடியில் உறங்கிவிட்டனர். ஆடவர் சிலர் துண்டை விரித்துப் படுத்தனர். உறங்குவோரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. விழித்தபோது கதை எந்த இடத்தில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த கதையைக் காணவே அவர்கள் வருகின்றனர்.

அந்த வேளையில்தான் மோட்டார் சைக்கிள் ஒன்று கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றது. தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் களையாத ஓர் இளைஞன் இறங்கி, செருப்பை விட்டு, நேரே விசுப்பலகைக்குச் சென்று ஒருவரிடமிருந்து தாளத்தை வாங்கிக்கொண்டு பின்பாட்டில் இணைந்தான். “வாத்தியார் மகன்” என்று தலைமையாசிரியர் நம் காதருகே சொன்னார்.

தவமரம்

களரிக்குச் சற்று அப்பால், வயலில், ஒரு பனைமரம் நடப்பட்டிருந்தது. நாற்பது அடிக்குக் குறையாது. பக்கவாட்டில் படிகளாகக் குச்சிகள். உச்சியில் அமரும் அளவுக்கு ஒரு சிறு பரண். கிழக்கு வெளுக்கத் தொடங்கும் நேரத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து அதைச் சூழ்ந்தது. உறங்கியவர் ஒருவரையும் காணோம்.

அர்ச்சுனன் அரசக் கோலம் களைந்து, தவசியின் எளிய உடையில் வந்தான். மரத்தை வலம் வந்து வணங்கினான். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் சிலர் ஈரச் சேலையுடன் மரத்தடியில் காத்திருந்தனர். அவன் முதற்படியில் கால் வைத்து ஒரு பாட்டுப் பாடினான். அடுத்த படிக்கு மற்றொரு பாட்டு. ஒவ்வொரு படியிலும் பாட்டின் ஈற்றடியைக் கீழிருந்து பின்பாட்டுக்காரர் ஏற்றனர். அவ்வாறு ஏற்றவர்களுள் உரத்த குரல் அந்தத் தொழிற்சாலைச் சட்டைக்காரனுடையது. அவன் கண்கள் தந்தையின் முழங்காலை விட்டு அகலவில்லை.

நடுவழியில் வாத்தியார் நின்றார். பாட்டு நின்றது. பாட்டுக்குரிய இடைவெளியா, மூச்சுக்குரிய இடைவெளியா என்று யாருக்கும் தெரியவில்லை. மகன் தாளத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மரத்தின் அடியில் சென்று நின்றான். அவன் மேலே ஏறவில்லை. நோன்பிராதவன் தவமரத்தைத் தீண்டலாகாது போலும். தந்தை நிறுத்திய அடியை மட்டும் அவன் மெல்ல எடுத்துக் கொடுத்தான். மேலிருந்து குரல் மீண்டும் எழுந்தது.

உச்சியை அடைந்ததும் அர்ச்சுனன் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினான். அன்று பகலில் பாறையில் கண்ட அதே நிலை! விலா எலும்புகளும் அவ்வாறே தெரிந்தன. உளியால் செதுக்கப்பட்டவை அல்ல, உழைப்பால் தெரிந்தவை. அறிஞர் எவ்வாறு முடிவு செய்தாலும், ஊரார் ஏன் அப்பாறைக்கு ‘அர்ச்சுனன் தபசு’ என்று பெயரிட்டனர் என்பது நமக்கு அப்போது விளங்கியதுபோல் இருந்தது. பின் அவன் எலுமிச்சங்கனிகளையும் மலர்களையும் திருநீற்றையும் கீழே வீசினான். பெண்கள் சேலைத் தலைப்பை ஏந்தினர். அவர்களுள் ஒருத்தி கனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுததைக் கண்டோம். அவள் துயரத்தின் முன் நம்மிடம் வாதம் ஒன்றும் இல்லை. அவளுக்காக உள்ளத்தில் செபித்தோம்.

நமக்கும் உறவு உண்டு

கூத்து நமக்கு அந்நியமானதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளை நாட்டுக்கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடிவந்துள்ளனர். கேரளக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்கர் போற்றும் சவிட்டு நாடகத்தின் பழைய பாட்டுகளில் தமிழ் மணம் மிகுதி. சார்லமேன் மன்னனின் கதை அங்கே ‘காறல்மான் சரித்திர’மாக ஆடப்படுகின்றது. நம் ஊர்களின் பாஸ்கா நாடகங்களைச் சொல்லவும் வேண்டுமா? கிறிஸ்தவரல்லாத நவாப் இராசமாணிக்கம் தம் நாடகக் குழுவைக் கொண்டு ‘இயேசுநாதர்’ நாடகத்தை மேடையேற்றியதும் தமிழ் நாடக வரலாற்றில் உள்ளதே.

செருமானிய நாட்டின் ஓபராமெர்காவ் என்னும் மலையூரை எண்ணிப் பாருங்கள். 1633ஆம் ஆண்டு கொள்ளை நோயில் வாடிய அவ்வூரார், ஆண்டவரின் பாடுகளைத் தொடர்ந்து நடித்துக் காட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1634இல் முதன்முதல் நடித்தனர். இன்றும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடிக்கின்றனர். 2020இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் 2022இல் நடந்தது. அது பிழைத்திருப்பதன் காரணம் எளிது: நேர்ச்சை ஊர் முழுவதற்கும் உரியது. தச்சனும் மாணவியும் கடைக்காரனும் வேடம் ஏற்கின்றனர். நம் கூத்தோ ஒரு சில குடும்பங்களின் தோளில் மட்டும் நிற்கின்றது. ஊரார் பார்க்கின்றனர், கண்ணீர் விடுகின்றனர், ஆனால் தம் பிள்ளையைச் சலங்கை கட்ட அனுப்புவதில்லை. ‘கூத்தாடி’ என்ற சொல்லை வசையாகவும் வழங்குகின்றனர். இந்த முரண்பாட்டைக் களையாமல் எத்தனை விருதுகள் அளித்தும் என்ன பயன்?

முயற்சிகள் இல்லாமல் இல்லை. புரிசைத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தை நாடறியச் செய்தனர். அக்கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். பெ. இராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் நடத்திய குருகுலத்தில் சிறுவரோடு சிறுமியரும் பள்ளிக் கல்வியுடன் கூத்தும் பயின்றனர். ஆடவர் மட்டுமே ஆடிய களரியில் பெண்கள் கட்டை கட்டி வந்தது பெரிய திருப்பம். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் இருக்கின்றனர். அடுத்த தலைமுறைக்கு அத்தகைய இடம் வேண்டும்.

மரத்திலிருந்து இறங்கிய வாத்தியாருக்கு மகன் துண்டு கொடுத்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வைகாசியில் யார் ஏறுவார் என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். “ஷிப்ட் பார்த்துச் சொல்கிறேன்” என்றான் மகன். அதற்குமேல் அவனால் என்ன சொல்ல இயலும்? ஆனால் ஊராரால் இயலும். கூத்துக்கு ஒதுக்கும் தொகையை ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரம் ஏறும் இளைஞன் இழக்கும் நாட்கூலியை ஊர்ப்பொதுவிலிருந்து ஈடுசெய்யலாம். பள்ளி ஆண்டு விழாவில் திரைப்படப் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கூத்துக் காட்சியைக் கற்பிக்க வாத்தியாரை உரிய ஊதியத்துடன் அழைக்கலாம். நம் பங்குகளின் பாஸ்கா நாடகத்துக்கும் அவர் முகவீணையை இரவல் கேட்கலாம், மகிழ்ந்து வருவார்.

வாசகர்களே, அடுத்த கோடையில் மாமல்லபுரம் செல்வீர்களாயின், அன்றே திரும்பிவிடாதீர்கள். செங்கற்பட்டுப் பக்கத்துச் சுவரொட்டிகளில் ‘மகாபாரத அக்னி வசந்த விழா’ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பாய், ஒரு போர்வை, குடிக்கத் தண்ணீர், விடியும்வரை பொறுத்திருக்கும் மனம் — இவை போதும். முடிவில் தட்டு வரும்போது மட்டும், நகரத்து நாடகச் சீட்டின் விலையை நினைத்துக் கையை விரியுங்கள்.